சேலம் ஜில்லாவின் கடைக்கோடி ஊர், இன்று ஐபோன் ஊர்!
வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எப்படி?

சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். தெருவுக்கு ஒரு பிள்ளையாவது ஓசூரில் வேலை பார்க்கும். ஐ.டி.ஐ. முடித்த பையன் என்றாலும், பிளஸ்-2 முடித்த பெண் என்றாலும் முதலில் ஏறுவது ஓசூர் பஸ்தான்.

இந்த ஓசூர் நமக்கு ஒன்றும் அன்னியம் அல்ல. 1965-ம் ஆண்டு தருமபுரி மாவட்டம் பிரியும்வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. அப்போது கலெக்டரைப் பார்க்க ஓசூர்க்காரர் சேலம் வந்தாக வேண்டும். இப்போது வேலை தேடி சேலத்துக்காரர் ஓசூர் போகிறார். காலம் எப்படித் தலைகீழாகி விட்டது, பார்த்தீர்களா!

மேட்டாங்காட்டில் ஆலைகள்

கேழ்வரகும் கொள்ளும் விளைந்த பூமி அது. 1971-ல் தமிழக அரசு "சிப்காட்" நிறுவனத்தைத் தொடங்கியது. பின்தங்கிய பகுதி என்று சலுகை காட்டி, ரோடு, தண்ணீர், கரண்டு வசதி செய்து, தொழில் அதிபர்களை ஓசூருக்குக் கூப்பிட்டார்கள். பெங்களூர் 40 கி.மீ. தூரத்தில் இருந்ததும் வசதியாகப் போயிற்று.

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. அசோக் லேலண்ட் லாரி தொழிற்சாலையும் வந்தது. பிறகு டைட்டன் கைக்கடிகாரம். டைட்டன் டாட்டாவுக்கு மட்டும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 1984-ல் தமிழக அரசின் "டிட்கோ"வும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. இன்றைக்கும் நாலில் ஒரு பங்குக்கு மேல் டிட்கோவிடம் இருக்கிறது.

லாரி, மொபெட், வாட்ச் என்று போன ஊர் இப்போது ஐபோனுக்கு வந்து நிற்கிறது. அதன் மேல்கூட்டை இங்கே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை செய்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஏதர் பாட்டரி ஸ்கூட்டர் ஆலையும் 2021 முதல் ஓசூரில் ஓடுகிறது.

2011 கணக்குப்படி நகராட்சியின் ஜனத்தொகை 1,16,821. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆகிவிட்டது. 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். ஆனால் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. 150 கி.மீ. சுற்றளவில் 2033 வரை புதிய சர்வதேச விமான நிலையத்துக்கு அதில் தடை இருக்கிறது.

நுரையும் கண்ணீரும்

பளபளப்புக்கு மறுபக்கமும் உண்டு. பெங்களூர் கழிவு தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக நுரை கிளம்புகிறது. குடிக்கிற தண்ணீருக்கு 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதைவிட நெஞ்சை உலுக்கியது 2025 நவம்பர் சம்பவம். ஓசூர் வட்டாரத்தில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியல் அறையில் ரகசிய கேமரா இருந்ததாகப் புகார் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதியை விட்டு வெளியே வந்து ராத்திரியோடு ராத்திரியாகப் போராடினார்கள். போலீசார் வழக்குப் பதிந்து கைது நடவடிக்கை எடுத்தார்கள். ஊரில் இருந்த பெற்றோர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்தது சேலம்

2019-ல் தொடங்கிய ராணுவத் தளவாட உற்பத்திப் பாதையில் ஓசூருடன் சேலமும் இருக்கிறது. சேலம் கருப்பூர் பக்கம் "டைடல் நியோ" கட்டிடத்தை 2024 செப்டம்பரில் திறந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரட்டும், சந்தோஷம். நம்ம பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வேலைக்குப் போனால் யாருக்குக் கசக்கும்? ஆனால் கம்பெனி வந்தால் வெளியூர்ப் பெண்கள் வருவார்கள். பின்னாடியே விடுதிகளும் முளைக்கும்.

அதற்குச் சட்டம் கையில் இருக்கிறது. 2014-ம் ஆண்டு தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. லைசென்ஸ் கொடுப்பது கலெக்டர். இதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு என்ன பயன்? சம்பவம் நடந்த பிறகு ஓடுவதைவிட, அதிகாரிகள் இப்போதே கதவைத் தட்டிச் சோதனை போடலாமே!

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பு, விடுதிக்கு லைசென்ஸ் இருக்கிறதா, வார்டன் யார் என்று கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி நம்பரை மகளின் போனில் பதிந்து அனுப்புங்கள்.