யாருடைய நெமோ? ஜூல் வெர்னின் கடல் நாவல் பற்றிய வாசக மதிப்பீடுகளும் மன்னார் முத்துக்குளிப்புக் காட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்’ அறிவியல் புனைகதையின் செவ்வியல் படைப்புகளுள் ஒன்று. ஒன்றரை நூற்றாண்டாக அதன்மீது வாசகர்கள் கூறிவந்த மதிப்பீடுகளுள் பல, மூலத்தைப் பற்றியவை அல்ல; அவரவர் கைக்குக் கிடைத்த பாடத்தைப் பற்றியவை. இக்கட்டுரை அதனை எடுத்துக்காட்டுவதோடு, மன்னார் வளைகுடாவில் நிகழும் முத்துக்குளிப்புக் காட்சியைத் தமிழ்நிலப் பின்னணியில் வைத்து ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஜூல் வெர்ன், நெமோ, வாசிப்பு, மொழிபெயர்ப்பு, மன்னார், முத்துக்குளிப்பு, கடல்கட்டி.

முன்னுரை

ஒரு நாவலைப் பற்றி வாசகர் சொல்லும் கருத்தைத் தொகுப்பது இன்று இலக்கிய ஆய்வில் ஏற்கப்பட்ட முறையாகும். வாசகரின் வயது, கல்வி, ஊர் ஆகியவை கவனமாகக் குறிக்கப்படுகின்றன. அவர் வாசித்தது எந்தப் பதிப்பு என்பது பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. வெர்னின் நாவலைப் பொறுத்தவரை இந்த விடுபாடு ஆய்வின் முடிவையே தலைகீழாக்கக் கூடியது. தலைப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. இருபதாயிரம் லீக் என்பது கடலின் ஆழம் என்று கருதும் வாசகர் உண்டு. உண்மையில் அது நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் கடந்த தொலைவு. ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர், அதாவது புவியின் சுற்றளவைப் போல் இருமடங்கு.

முதல் வாசகர்

இந்நாவல் 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை ஒரு பிரெஞ்சு இதழில் தொடராக வெளிவந்தது. வெர்ன் தம் வாசகரைக் கடலின் ஆழத்திற்கும் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற விருப்பத்தை எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் 1865இலேயே கடிதத்தில் தெரிவித்திருந்தார். எனினும் நாவலின் போக்கை மாற்றிய முதல் வாசகர் பதிப்பாளர் ஹெட்சல் ஆவார். ரஷ்ய ஆட்சியில் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாக நெமோவைப் படைக்க வெர்ன் எண்ணினார். ரஷ்யாவில் நூல் விற்பனை பாதிக்கப்படும் என்று அஞ்சிய ஹெட்சல் அதற்கு இசையவில்லை. எனவே நெமோ நாடற்றவன் ஆனான். இலத்தீனில் அப்பெயருக்குப் பொருளே ‘யாருமில்லை’ என்பதுதான்.

இங்ஙனம் வெற்றிடமாக விடப்பட்ட பிறப்பிடத்தை வெர்ன் 1874-75இல் வெளிவந்த ‘மர்மத் தீவு’ நாவலில் நிரப்பினார். நெமோ புந்தேல்கண்டு மன்னரின் மகன், தக்கார் என்னும் இளவரசன், திப்பு சுல்தானின் மருமகன், 1857 எழுச்சியில் ஈடுபட்டுத் தோற்றவன் என்பது அதில் வெளிப்படுகிறது. புந்தேல்கண்டு அரச குடும்பத்துக்கும் மைசூர் சுல்தானுக்கும் இடையே இத்தகைய உறவு வரலாற்றில் பொருந்தாது என்பதை இந்திய வாசகர் உடனே உணர்வர். திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்ததும், 1806 ஜூலை 10 அன்று அங்கு நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் தமிழக வரலாற்றின் பகுதிகள். திருத்தணி, கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களின் வாசகர்க்கு வேலூர் அயலூர் அன்று. வெர்ன் வரலாற்றைத் தவறாக இணைத்தாலும், அவர் தொட்ட பெயர் இப்பகுதியில் வெறும் கதைப்பெயராக ஒலிப்பதில்லை.

பிழையான பாடமும் பிழையான தீர்ப்பும்

ஆங்கில உலகில் நெடுங்காலம் வழங்கிய மொழிபெயர்ப்பு, லூயிஸ் மெர்சியர் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் போதகர் செய்து 1873ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்ததாகும். அதில் மூலத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விடுபட்டுள்ளது. எஞ்சிய பகுதியிலும் பிழைகள் மலிந்துள்ளன. நீரைப் போல் 7.8 மடங்கு அடர்த்தி கொண்டதாக வெர்ன் குறிப்பிட்ட எஃகு, மெர்சியரிடம் நீரினும் இலேசான பொருளாகிவிடுகிறது. நெப்ராஸ்காவின் கரடுமுரடான நிலப்பகுதிக்கு வழங்கும் இடப்பெயரை அவர் ‘விரும்பத்தகாத பிரதேசம்’ என்னும் பொருள்படப் பெயர்த்தார்.

1961இல் தியோடர் தாமஸ் என்பவர் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழொன்றில் வெர்னின் அறிவியல் அறிவைக் கடுமையாகச் சாடினார். அவர் காட்டிய குறைகளுள் பல மொழிபெயர்ப்பாளருடையவை என்பதை வால்டர் ஜேம்ஸ் மில்லர் தம் 1965ஆம் ஆண்டுப் பதிப்பில் நிறுவினார். தாமஸ் கவனமற்ற வாசகர் அல்லர். தம் முன்னிருந்த நூலை அவர் கூர்ந்தே படித்தார். அந்நூல் வெர்னுடையதாக முழுமையாக இல்லை என்பதே குறை. பிரெஞ்சு மூலத்தில் படித்த ரோலான் பார்த், 1957இல் வெளிவந்த தம் ‘புராணங்கள்’ நூலில், நாட்டிலஸை உலகை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஒடுங்கும் குகையாகக் கண்டார். ஒருவர் எஃகின் அடர்த்தியைப் பற்றிப் பேசுகிறார், மற்றொருவர் ஒடுங்கியிருத்தலின் இன்பத்தைப் பற்றிப் பேசுகிறார். இவ்வேறுபாட்டைச் சுவை வேறுபாடு என்று மட்டும் கொள்வதற்கில்லை.

இந்திய வாசகரை நேரடியாகப் பாதிப்பது ‘மர்மத் தீவின்’ நிலை. கிங்ஸ்டன் பெயரில் 1875இல் வெளிவந்த ஆங்கில வடிவத்தில் தக்காரின் வரலாறு மாற்றி எழுதப்பட்டுள்ளது. மூலத்தில் கதைசொல்லியின் பரிவு கிளர்ந்தெழுந்தவர் பக்கம் உள்ளது. கிங்ஸ்டன் வடிவத்திலோ, பேராசை கொண்ட அரசர்கள் மக்களைத் தூண்டிவிட்டதாகவும், ஆங்கிலேயரே நாட்டை அராஜகத்திலிருந்து மீட்டு அமைதியும் வளமும் அளித்ததாகவும் கூறப்படுகிறது. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்த பிழை அன்று இது, திட்டமிட்ட திருத்தம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குட்டன்பர்க் மின்னூல்களில் இவ்வடிவம் இன்றும் உள்ளது. அதனைப் படித்துவிட்டு, வெர்ன் காலனி ஆட்சியின் ஆதரவாளர் என்று கருத்துரைக்கும் மாணவரைக் குறைகூற இயலாது. மூலமும் முற்றிலும் களங்கமற்றதன்று என்பதையும் சொல்ல வேண்டும். இறக்கும் தறுவாயிலுள்ள நெமோவிடம் பொறியாளர் சைரஸ் ஸ்மித், கடந்த காலத்தை மீட்க முயன்று முன்னேற்றத்தை எதிர்த்ததே அவன் தவறு என்று தீர்ப்பளிக்கிறார். அது வெர்னே எழுதியது.

மன்னார்க் காட்சி

‘இருபதாயிரம் லீக்குகள்’ நாவலின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவை அடைகிறது. மார்ச்சு மாதத்தில் நிகழும் முத்துக்குளிப்பைப் பற்றி நெமோ விளக்குகிறான்: படகுக்குப் பத்துத் துடுப்புக்காரர், பத்துக் குளியாளர், காலில் பற்றிய கல், அக்கல்லைப் படகுடன் இணைக்கும் கயிறு. பருவம் தொடங்குமுன் கடலடியில் நடந்து செல்லும் அவர்கள், தனியே மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஏழை ஒருவனைக் காண்கின்றனர். சுறா அவனைத் தாக்குகிறது. நெமோ கத்தியுடன் பாய்கிறான். நெட் லாண்டின் ஈட்டி சுறாவைக் கொல்கிறது. நினைவு திரும்பிய குளியாளனின் கையில் நெமோ ஒரு முத்துப்பையை வைக்கிறான். பின்னர், அம்மனிதன் ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவன், தானும் இறுதி மூச்சுவரை அந்நாட்டவனே என்கிறான்.

மூலத்தில் ‘ஒடுக்கப்பட்டோரின் நாடு’ என்பது எந்த நிலப்படத்திலும் இல்லாத நாடு. மெர்சியரின் ஆங்கிலத்தில் அது ‘ஒடுக்கப்பட்ட ஒரு நாடு’ என்று குறுகுகிறது. தக்காரின் கதையை அறிந்த இந்திய வாசகர் அதனை இந்தியா என்றே படிக்கிறார். ஆனால் 1870இல் நெமோ இன்னும் இந்தியன் ஆகவில்லை. ஆகவே அக்கூற்றைத் தேசியக் கூற்றாகக் கொள்வது பின்னோக்கிய வாசிப்பு. பின்னோக்கியது என்பதற்காக அது செல்லாததாகிவிடாது; எந்தப் பாடத்திலிருந்து எழுந்தது என்பது குறிக்கப்பட்டால் போதும்.

தமிழ் வாசகர்க்கு இக்காட்சியில் வேறு கேள்விகளும் உண்டு. சங்க இலக்கியம் போற்றும் கொற்கை முத்து இவ்வளைகுடாவின் விளைபொருளே. இருகரையிலும் பரவர், கடையர், கீழக்கரை போன்ற ஊர்களின் இசுலாமியர் ஆகியோர் குளியாளராக இருந்தனர். சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய ஊர்களில் குளிப்புக் காலத்தில் தற்காலிக நகரமே எழும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ இன்றிப் பலர் கடலில் இறங்க மறுத்தனர். ஆங்கில அரசே அவர்களுக்கு ஊதியம் தந்தது. வெர்னின் குளியாளனுக்கோ கடல்கட்டியும் இல்லை, மேலே கயிறு பிடிப்பவரும் இல்லை. இதனை ஆசிரியரின் அறியாமை என்று ஒதுக்குதல் எளிது. நெமோவின் விளக்கத்தில் துணையாட்களின் எண்ணிக்கையே சரியாக இருத்தலின் அது பொருந்தாது.

முத்துப்பார்கள் அரசின் ஏகபோக உடைமையாக இருந்தன. குளிப்பு அறிவிக்கப்படாத காலத்தில் அங்கே சிப்பி எடுப்பது தண்டனைக்குரியது. பார்களுக்குக் காவலும் இருந்தது. எனவே பருவத்திற்கு முன் தனியே வந்தவன் சட்டத்தின் பார்வையில் திருடன். கயிறு பிடிக்க ஆளை அழைத்துவர அவனால் இயலாது. ‘பாவம், அறுவடைக்கு முன் பொறுக்க வந்தவன்’ என்ற அளவில் நாவல் கடந்து செல்லும் இடத்தில், மன்னார்க் கரையின் வரலாற்றை அறிந்த வாசகர் நெமோவின் கொடையை வேறுவகையில் மதிப்பிடுவர். அரசு தனதென்று உரிமை கொண்டாடும் முத்தை, அதை ‘திருட’ வந்தவனிடமே அவன் கொடுக்கிறான். சுருக்கப் பதிப்புகளை ஒப்பிடும் ஆய்வாளர் முதலில் நோக்க வேண்டிய இடம் இது: சுறா எஞ்சியிருக்கிறதா என்பதை விட, முத்துப்பையும் அதன்பின் வரும் கூற்றும் எஞ்சியுள்ளனவா என்பதே வினா.

காட்சி முழுவதும் அக்குளியாளன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கண்விழித்ததும் தன்மேல் குனியும் நான்கு செப்புத் தலைக்கவசங்களைக் கண்டு நடுங்குகிறான். பையைக் கைநடுங்க வாங்குகிறான். அவன் பெயரும் தரப்படவில்லை. அக்கரையில் அவன் வாய் திறந்திருந்தால் பெரும்பாலும் தமிழில்தான் பேசியிருப்பான்.