விசைப்பலகையில் உயிரும் மெய்யும்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப்பாடத்தைக் கணினியில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். அதன் முதல் தொடர், ‘நான் காலையில் பல்லிக்குச் சென்றேன்’ என்பது. வகுப்பறைத் திரையில் அதனைக் கண்டதும் அனைவரும் சிரித்தனர், அவளும் சிரித்தாள். ஆயினும், பிழை எங்கே நேர்ந்தது என்று அவளால் கூற இயலவில்லை. அவள் வீட்டில் தமிழ் பேசுபவள்; பேச்சில் பள்ளியையும் பல்லியையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

பிழைக்குக் காரணம் அவள் பயன்படுத்திய தட்டச்சு முறையே. ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், அவற்றின் ஒலியைக் கொண்டு கணினி தமிழ்ச் சொல்லைத் தரும் முறை அது. ஆங்கிலத்தில் லகர ஒலிக்கு ஓரெழுத்துதான் உண்டு. தமிழிலோ ல, ள, ழ என மூன்று எழுத்துகள் உள்ளன. ந, ண, ன ஆகியவற்றின் நிலையும் அதுவே. ஆகவே கணினி ஊகித்துச் சில சொற்களை முன்வைக்கிறது. நாம் அவசரத்தில் முதற்சொல்லைத் தொட்டுவிடுகிறோம். தமிழகத்தில் வாழும் மாணவர் கடைப் பலகையிலும் பேருந்திலும் சரியான எழுத்தை நாள்தோறும் காண்கின்றனர். இங்கு நமக்கு அவ்வாய்ப்பு இல்லை. நோட்டுப் புத்தகமும் திரையுமே நாம் தமிழ் எழுத்தைக் காணும் இடங்கள். அவற்றுள் ஒன்று எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டால், கற்பது எவ்வாறு?

இதற்கு ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை உதவுகிறது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி இது தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. இதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளே உள்ளன. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. ககர விசையை அழுத்தினால் ‘க’ தோன்றும். அடுத்து இகர விசையை அழுத்தினால் அது ‘கி’ ஆகும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று இலக்கணப் பாடத்தில் படித்தது விரலடியில் நிகழ்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மீது புள்ளி தானே விழும். ஆகவே ப, ள, ள, இ என நான்கு விசைகளில் ‘பள்ளி’ முடிந்துவிடும். ளகரத்தை நாமே தேடித் தொட வேண்டும் என்பதே இதிலுள்ள நன்மை.

தட்டிய எழுத்தைக் கணினி எண்ணாகவே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் பொதுமுறைக்கு ஒருங்குறி என்று பெயர். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நாம் மூன்று எழுத்துகளை எண்ணுவோம். ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எண்களாக நிற்கிறது. இம்முறை பரவுவதற்கு முன்பு எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறுபட்டது. நான் வீட்டில் தட்டச்சு செய்த வினாத்தாள் பள்ளிக் கணினியில் விளங்காத கிறுக்கல்களாகத் தெரிய, இரவோடு இரவாக அதனைக் கையால் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது.

எழுத்துச் சரியாக இருந்தால்தான் தேடலும் பயன் தரும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் இணையத்தில் காணலாம். ஆனால் ‘பழம்’ என்பதன் பொருளைத் தேட எண்ணிப் ‘பலம்’ என்று தட்டினால், வேறு பொருளே முதலில் வந்து நிற்கும்.

கையெழுத்துப் பயிற்சியை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கின்றனர். கூடாது என்பதே என் கருத்து. கணினி அறை நமக்கு வாரத்தில் ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது. மற்ற நாள்களுக்கு எழுதுகோல் இருக்கிறது.

அம்மாணவி மறுவாரம் அதே தொடரைத் தமிழ் 99இல் தட்டினாள். முன்னைவிட நேரம் மிகுதியாயிற்று. ‘ப’ வந்ததும் விரலை நிறுத்தி, வாய்க்குள் சொல்லை ஒருமுறை ஒலித்துப் பார்த்தாள். பிறகு, “நாக்கை மேலே வளைக்கும் ‘ள’தானே, ஐயா?” என்று கேட்டாள்.