சில்லறை இன்பங்கள்

டவுன் பஸ்ஸில் ஒரு நாள் காலையில் நான் கண்ட காட்சி இது. மடிப்புக் கலையாத சட்டை அணிந்த கனவான் ஒருவர் டிக்கெட்டுக்காக 500 ரூபாய் நோட்டை நீட்டினார். கண்டக்டர் நோட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காலங்காத்தால ஆளாளுக்கு இதையே நீட்டினா நான் எங்க சார் போவேன்? சில்லறை இருந்தா குடுங்க, இல்லேன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்குங்க" என்றார். பைகள் எல்லாவற்றையும் துழாவியும் கனவானுக்கு ஒரு காசுகூட அகப்படவில்லை. அப்போது, பூக்கூடையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு நாணயங்களை எடுத்து, "இந்தா ராசா, டிக்கெட்ட வாங்கிக்க, அப்புறமாக் குடு" என்று நீட்டினாள். பெரிய நோட்டு கையில் இருக்கப் பிரயாணத்துக்கு வழியில்லாமல் நின்ற அந்த மனிதரின் முகத்தில் அப்போது தோன்றிய வெட்கம் கலந்த சிரிப்பு, இந்தக் கட்டுரைக்கு வித்திட்டது.

இன்பத்தை நம் முன்னோர் இரண்டாக வகுத்தார்கள். உடலைப் பற்றியதைச் சிற்றின்பம் என்றும், இறைவனைப் பற்றியதைப் பேரின்பம் என்றும் பெயரிட்டு, முன்னதை விலக்கவும் பின்னதை நாடவும் நமக்கு உபதேசித்தார்கள். ஆனால் சாமானிய மனிதனுடைய ஒரு நாளை எடுத்துப் பார்த்தால், அவனை அன்று முகம் மலரச் செய்தவற்றுள் பெரும்பாலானவை இந்த இரண்டு வகுப்பிலும் சேராமல் நிற்பதைக் காணலாம். சலவைக்குப் போடும்போது சட்டைப் பையில் அகப்படும் மறந்துபோன பத்து ரூபாய். வெயிலில் நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைக்கும்போது உச்சிவரை ஏறும் குளிர்ச்சி. இருட்டில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த தெரு முழுவதும் 'கரண்ட் வந்துடுச்சு' என்று ஒரே குரலில் எழுப்பும் ஆரவாரம்: இவற்றுக்கு மோகமும் இல்லை, மோட்சமும் இல்லை. 'சிற்றின்பம்' என்ற பொருத்தமான சொல்லை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டபடியால், இவற்றைச் சில்லறை இன்பங்கள் என்று அழைக்க வாசகர்களின் அனுமதியைக் கோருகிறேன்.

இந்த வகையில் தலைசிறந்தது எது என்று என்னைக் கேட்டால், கோடையின் முடிவில் முதல் மழைத்துளி விழும்போது எழும் மண்வாசனை என்றே சொல்வேன். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி எல்லோரையும் ஒரு கணம் நிறுத்தி மூச்சை இழுக்கச் செய்யும் அந்த மணத்துக்கு விஞ்ஞானிகள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர், 1964இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லையும், தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகப் புராணம் கூறும் திரவத்தைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து 'பெட்ரிகோர்' என்று அதற்கு நாமகரணம் செய்தார்கள். அந்த அம்மையாரின் பெயரில் உள்ள 'ஜாய்' என்பதற்கு மகிழ்ச்சி என்று பொருள் என்பது தற்செயலான ஒற்றுமைதான்; ஆயினும் மனத்துக்கு இதமான ஒற்றுமை. வறண்ட நாட்களில் செடிகொடிகள் வெளியிடும் எண்ணெய்ப் பொருள்கள் பாறையிலும் களிமண்ணிலும் சிறுகச் சிறுகப் படிந்து, ஈரம் பட்டதும் விடுதலை பெற்று எழுகின்றன என்பது அவர்களுடைய விளக்கம். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் இவற்றோடு சேர்கிறது. லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும் என்றால், மனித உடம்பு இந்த மணத்துக்காக எவ்வளவு கூர்மையாகக் காத்திருக்கிறது என்பது விளங்கும்.

துளி விழுந்த மாத்திரத்தில் அந்த மணம் எப்படி நம்மை எட்டுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவிகளைக் கொண்டு பதிவுசெய்து 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, மழைத்துளி நுண்துளைகள் நிறைந்த மண்ணில் மோதும்போது சிறு காற்றுக் குமிழிகளைத் தன்னடியில் சிறைப்பிடிக்கிறது. அவை சோடாவில் எழும் குமிழிகளைப் போலத் துளியினூடே மேலேறி வெடித்து, மண்ணின் மணத்தைச் சுமந்த நுண்திவலைகளைக் காற்றில் தூவுகின்றன. கொட்டும் மழையைவிட, தூறலும் மிதமான மழையுமே இதில் கைதேர்ந்தவை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்களோ, விஞ்ஞானம் பெயர் வைக்கக் காத்திராமல், சூளையில் சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் நீருடன் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்கி, முதல் மழையையே குப்பிக்குள் அடைத்து விற்று வருகிறார்கள். 'மிட்டி அத்தர்' என்பது அதன் பெயர்.

இந்த விஞ்ஞான விவரங்களுக்கு நடுவே என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. மணத்துக்குக் காரணமான எண்ணெய் வறட்சியில்தான் சேர்கிறது. ஆகவே வறட்சி நீள நீள, முதல் மழையின் மணமும் மிகுகிறது. தினந்தோறும் மழை பெய்யும் ஊரில் மண் மணப்பதைப் பற்றி யாரும் பரவசப்படுவதில்லை. சில்லறை இன்பங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே இலக்கணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுட்டெரித்த சாலை இல்லாமல் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி இல்லை; இருட்டு இல்லாமல் 'கரண்ட்' வந்த ஆரவாரம் இல்லை. ஓர் இல்லாமைக்கும் ஓர் இருப்புக்கும் இடையிலுள்ள வாசற்படியில்தான் இந்த இன்பம் குடியிருக்கிறது.

காலைக் காப்பியின் விஷயமும் இப்படித்தான். பித்தளை ஃபில்டரின் மேற்பாத்திரத்தில் பொடியை இட்டு, அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டு, டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை நாம் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடக்கிற அந்தக் கால் மணி நேரத்தை அவசரக்காரர்கள் வீண் என்பார்கள். அது வீண் அல்ல என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை வெளியிடும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் கிடைத்தபோது அவை துடித்தெழுந்தன. ஒரு சைகைக்குப் பிறகு பழரசம் வரும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பின்னரோ, பழரசம் வந்தபோது அவை சும்மா இருந்தன. சைகையைக் கண்டபோதே துடித்தன. சைகை தோன்றியும் பழரசம் வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிப் போயிற்று. டோபமினையும் இன்பத்தையும் ஒன்றாகக் கொள்ளலாகாது, அது நாட்டத்தைத் தூண்டுவது என்று இப்போது பலர் கருதுகிறார்கள்; அது எப்படியாயினும், எதிர்பாராமல் வருவதற்கும் எதிர்பார்த்துக் காத்திருப்பதற்கும் மூளையில் தனியிடம் உண்டு என்பது இதனால் தெளிவு. சட்டைப் பையில் அகப்பட்ட பத்து ரூபாய் முதல் வகை. அடுக்களையிலிருந்து மிதந்து வரும் டிகாக்ஷன் மணம் இரண்டாம் வகை.

இனி, பெரிய நோட்டின் கதைக்கு வருவோம். திடீரென்று பெருந்தனம் வந்து சேர்ந்தவனுக்கு இந்தச் சிறு மகிழ்ச்சிகள் என்னவாகின்றன என்ற கேள்வியைப் பிலிப் பிரிக்மன் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுப்பி, 1978இல் விடை வெளியிட்டார்கள். இல்லினாய் மாநில லாட்டரியில் பரிசு பெற்ற 22 பேரையும், பரிசு பெறாத 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் அவர்கள் விசாரித்தார்கள். நண்பனோடு பேசுவது, காலை உணவு அருந்துவது, ஒரு வேடிக்கைப் பேச்சைக் கேட்பது, ஒருவர் நம்மைப் பாராட்டுவது, பத்திரிகை படிப்பது போன்ற சாதாரண காரியங்கள் உங்களுக்கு எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டதற்கு, பரிசு பெற்றவர்கள் பரிசு பெறாதவர்களைக் காட்டிலும் குறைவாகவே மதிப்பிட்டார்கள். மொத்த மகிழ்ச்சியிலும் அவர்கள் மற்றவர்களைக் குறிப்பிடத்தக்க அளவு மிஞ்சிவிடவில்லை. எண்ணிக்கை சிறியதுதான், இதைக் கொண்டு செல்வமே வேண்டாம் என்று வாதிப்பது பேதைமை. ஆனால் ஒரு பேரதிர்ஷ்டத்தின் வெளிச்சத்தில் அகல்விளக்குகள் மங்கிப் போகக்கூடும் என்ற அளவுக்கு இதை ஏற்கலாம். பஸ்ஸில் நின்ற கனவானின் நிலைமை அவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல.

செல்வம் இல்லாத நம்மில் பலரும்கூட இந்தச் சில்லறையைக் கைநழுவ விடுகிறோமே, அது எதனால்? உள்ளம் உடனிருப்பதில்லை என்பதே காரணம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரை அவர்களுடைய கைப்பேசி வாயிலாக நேரம் குறிக்காமல் அழைத்து, 'இந்தக் கணத்தில் என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டு, முடிவை 2010இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 47 சதவீதம் தருணங்களில் மனம் கைவேலையை விட்டு வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. அப்படி அலைந்தபோது மகிழ்ச்சி குறைந்திருந்தது. இனிய விஷயத்தை நினைத்து அலைந்தபோதுகூட, செய்கிற காரியத்தில் ஒன்றியிருந்ததைக் காட்டிலும் மகிழ்ச்சி கூடவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸை நினைப்பவன் காப்பியையும் குடிப்பதில்லை, ஆபீஸையும் நடத்துவதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஜப்பானிய அரண்மனையில் மகாராணி தெய்ஷியிடம் பணிபுரிந்த ஸேய் ஷோனகன் என்ற மாது, இந்தக் கவனத்தையே ஒரு கலையாகப் பயின்றாள். மனத்தைப் படபடக்கச் செய்பவை, எரிச்சல் ஊட்டுபவை, களிப்புத் தருபவை என்று தலைப்பிட்டு, அன்றாடம் கண்ணில் பட்ட அற்பங்களை அவள் வரிசைப்படுத்தி எழுதிய 'தலையணைப் புத்தகம்' இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. அவள் காலத்து யுத்தங்களும் வழக்குகளும் பலருக்கும் மறந்துவிட்டன. அந்தப் பட்டியல்கள் மறக்கவில்லை.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு ரசனை என்று பெயர். அதற்கு இலக்கணமாகவே வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நண்பர்களைக் கூட்டி, கம்பனின் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாக நாவில் வைத்துச் சுவைப்பவரைப் போல விளக்குவார் என்பது தமிழறிந்தோர் அறிந்த செய்தி. 'வட்டத்தொட்டி' என்று அந்தச் சபைக்குப் பெயர். தாம் கண்ட சுவையைத் தனியே வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வந்ததில்லை. குற்றாலத்தில் குடியேறிய பிறகும், சாரலைப் போலவே கவிதையையும் வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். இன்பத்தை நீட்டித்துக்கொள்ளும் வழிகளை ஆராய்ந்து 2007இல் நூல் எழுதிய ஃப்ரெட் பிரையண்ட், ஜோசப் வெரோஃப் என்ற அமெரிக்க அறிஞர்களும், அடைந்த மகிழ்ச்சியை இன்னொருவரிடம் சொல்லுதலை அவ்வழிகளுள் முக்கியமான ஒன்றாக வைத்தார்கள். வட்டத்தொட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுவது என் கடமை. பசித்தவனிடம் போய் மண்வாசனையை முகர்ந்து திருப்தி கொள் என்பது உபதேசம் ஆகாது, அது கொடுமை. கடன் முழுவதையும் சில்லறையால் அடைக்க முடியாது; பெரிய துக்கம் வந்து கதவைத் தட்டும்போது, ஒரு டம்ளர் காப்பி அதைத் திருப்பி அனுப்பிவிடாது. கூலிக்காகவும் நீதிக்காகவும் போராடவேண்டிய இடத்தில் போராடத்தான் வேண்டும். ஆயினும், போராடுகிறவனும் துக்கப்படுகிறவனும் அன்றைய பொழுதைக் கடக்கவேண்டுமல்லவா? மகிழ்ச்சி என்பது அதன் உக்கிரத்தைவிட, அது எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் பொறுத்தது என்று எட் டீனர் முதலிய அறிஞர்கள் 1991இல் எழுதினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வரும் பண்டிகையைவிட, நாளுக்கு ஐந்து முறை வரும் அற்ப சந்தோஷங்கள் மனிதனைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது இதன் தாத்பரியம். அந்தப் பூக்காரக் கிழவியின் சுருக்குப்பையில் இருந்த மொத்தப் பணம் கனவானின் ஒரு நோட்டுக்கு ஈடாகாமல் இருந்திருக்கலாம்; ஆனால் அன்று அந்தப் பஸ்ஸில் கொடுக்கும் நிலையில் இருந்தவள் அவள்தான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வானம் இருண்டு, முற்றத்தில் முதல் துளி விழும் ஓசை கேட்டால், கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு வாசற்படிவரை வாருங்கள்; உள்ளே இருப்பவரையும் ஒரு குரல் கொடுத்து அழையுங்கள். தாமதிக்க வேண்டாம். சில நிமிஷங்களில் மூக்குக்கு அந்த மணம் பழகிவிடும். அப்புறம் பெய்வது வெறும் மழை.