லண்டன் படிப்புக்கு லேகியம் போதுமா?

"ஐயா, பெரியவன் செப்டம்பர்ல லண்டன் போறான், எம்.எஸ்ஸி. படிக்க. குளிருக்கு உடம்பு தாங்கணும். நல்லதா ஒரு லேகியம் கிண்டிக் கொடுங்க, டப்பாவுல போட்டு அனுப்பிடறேன்."

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் என் எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்டார். பக்கத்தில் பையன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சோளிங்கர், பள்ளிப்பட்டு பக்கமெல்லாம் இப்போது இந்தப் பேச்சு சகஜமாகிவிட்டது. எனக்கோ உடனே கணித மேதை ராமானுஜன் ஞாபகம்தான் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 26. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஐந்து வருடம். 1919-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, 32 வயதில் போய்விட்டார். கணக்கில் அவர் என்ன சாதித்தார் என்பதை வேறு யாராவது எழுதட்டும். வைத்தியனான என் கண்ணில் படுவது அவருடைய அன்றாட வாழ்க்கைதான்.

ஒரு சின்ன சம்பவம் பாருங்கள். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர்) ஒரு குளிர்நாளில் ராமானுஜனைப் பார்க்கப் போனார். "ராத்திரி குளிர் தெரியாமல் தூங்குகிறீர்களா?" என்று கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன். படுக்கையைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் வரிசையாக இருக்கின்றன! ஆனால் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பளிகளை இழுத்துவிட்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவுமில்லை, இவரும் கேட்கவில்லை.

நம் பிள்ளைகளின் சுபாவமும் இதுதானே? "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்று ஒரு மாதம் குளிரில் விறைத்துக் கிடப்பார்கள். ஹீட்டரை எப்படிப் போடுவது என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சாப்பாடு. சுத்த சைவமான ராமானுஜன், கல்லூரிச் சமையலில் கொழுப்பு கலந்திருக்கும் என்று பயந்து தானே பொங்கிச் சாப்பிட்டார். கணக்கில் மூழ்கினால் வேளை தவறும். ராத்திரி பகல் தெரியாது. அதற்குள் முதல் உலகப் போர் வந்து காய்கறிக்கும் பால் சாமான்களுக்கும் தட்டுப்பாடு. 1917-இல் படுத்தவர் ஒரு சானட்டோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார்.

இன்று லண்டனில் வெண்டைக்காய் கிடைக்கிறது, புழுங்கலரிசி கிடைக்கிறது. ஆனாலும் என்ன நடக்கிறது? காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் ஒரு ரொட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு நூடுல்ஸ். குளிரில் தாகம் எடுக்காது. தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மலச்சிக்கல், தலைவலி, வாய்ப்புண் என்று போன் வரும். ஊரில் வயலும் தறியும் என்று அலைந்த உடம்பு அங்கே நாற்காலியில் சுருங்கிப்போனால், வாதமும் கபமும் சேர்ந்து ஆட்டம் போடத்தான் செய்யும். சாதம், பருப்பு, மிளகு ரசம், ஒரு காய், தயிர் இதற்கு மேல் ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டாம். புறப்படும் முன்பு ஒரு மாதம் பையனை அடுப்படியில் நிற்க வையுங்கள். (இட்லி மாவு அந்தக் குளிரில் சுலபத்தில் பொங்காது. அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் பொங்கும் என்று அங்கிருந்து வந்த ஒரு பெண் எனக்கே சொல்லிக் கொடுத்தாள்.)

இப்போது நான் சொல்லப்போவது சித்த வைத்தியன் வாயிலிருந்து வருகிறதே என்று ஆச்சரியப்படாதீர்கள். வைட்டமின் டி மாத்திரை வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள். டிசம்பரில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் விடியும். மாலை நாலு மணிக்கு முன்பே அஸ்தமனம். வெயில் அடித்தாலும் குளிர்காலத்தில் அது தோலில் இந்தச் சத்தை உண்டாக்கும் அளவுக்கு உறைக்காது. தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் எடுத்துக்கொள்ளும்படி பிரிட்டனில் அரசே மக்களுக்குச் சொல்கிறது. நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வருஷம் முழுக்க. இதற்கு ஈடாக ஒரு மூலிகையும் என்னிடம் கிடையாது. பால், முட்டை எதுவும் தொடாத சைவர்களுக்கு பி12-ம் தேவைப்படும்.

ராமானுஜனுக்கு க்ஷயரோகம் என்று அன்றைய டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள். 1994-இல் டி.ஏ.பி.யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது அமீபா கிருமி ஈரலில் ஏறிய நோயாக இருக்கலாம் என்று எழுதினார். இந்தியாவிலேயே ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருந்தது. அந்தக் கிருமி வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கக் கூடியது. முடிவான தீர்ப்பு இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இது பெரிய பாடம். அடிக்கடி சீதபேதி வருகிற பிள்ளையானால் மலப் பரிசோதனை செய்து, முழுசாகக் குணப்படுத்தி அனுப்புங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எப்படியும் எடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் பிரிட்டன் விசாவுக்கு க்ஷயரோகப் பரிசோதனை கட்டாயம். சொத்தைப் பல்லை இங்கேயே பார்த்துவிடுங்கள், அங்கே பல் வைத்தியம் கையைக் கடிக்கும். போய்ச் சேர்ந்த வாரமே பக்கத்து டாக்டரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். விசாவோடு அதற்குப் பணம் கட்டியாயிற்று. காய்ச்சல் வந்த பிறகு தேடுவது புத்திசாலித்தனமல்ல.

இன்னொன்று, பெற்றவர்கள் பேசவே தயங்குவது. 1918-இல் ராமானுஜன் லண்டனில் ரயில் முன்னே விழப்போய், காவலர் ஒருவர் பார்த்து வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். அவ்வளவு பெரிய புத்திசாலிக்கே தனிமை அப்படிச் செய்தது. பையன் போனில் "நல்லா இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடுகிறானா? தூக்கம் கெட்டு, குளிக்காமல், வகுப்புக்குப் போகாமல் இருக்கிறானா? "நாங்க வட்டிக்கு வாங்கி அனுப்பினோமே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பல்கலைக்கழகங்களில் மன ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தயங்காமல் போகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடலாம் என்பதையும் அவனிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

போன புதிதில் தூக்கம் தடுமாறும். செப்டம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். உடம்பு நாளைக்குச் சுமார் ஒரு மணி வீதம்தான் இடம் மாறும். சாயந்திரம் வெளிச்சத்தில் நடந்துவிட்டு, அந்த ஊர் நேரத்துக்கே படுக்க வேண்டும்.

"எல்லாம் சரிங்கய்யா, லேகியம்?" என்றார் தறிக்காரர் மறுபடியும்.

"நெய் போட்ட லேகியம் வேணாம் அண்ணே. பால், இறைச்சி சம்பந்தப்பட்டதை அங்க உள்ளே விடமாட்டாங்க. பஸ்பம், செந்தூரமும் வேணாம். நான் பக்கத்துல இல்லாம அதெல்லாம் சாப்பிடக்கூடாது."

சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி மட்டும் கொடுத்தேன். சளி பிடித்தால் கால் ஸ்பூன், தேனில் குழைத்து இரண்டு வேளை, மூன்று நாள். நெஞ்செரிச்சல் இருந்தால் தொடக்கூடாது. பையன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான்.

"ஐயா, ரசத்துக்குத் தாளிச்சா அங்க அலாரம் அடிக்குமாமே?"

"அடிக்கும் தம்பி. ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தாளி."