எஞ்சினைக் காக்கும் காகிதம்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் கார் எஞ்சினில், சுழலும் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றிற்கிடையே மசகு எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. பளு மிகுந்த இடங்களில் இப்படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நமது தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இப்படலம் எவ்வளவு மெல்லியது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்ணெயில் மண் துகள் ஒன்று வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? படலத்தைவிட மிகச் சிறிய துகள் எண்ணெயோடு வழுக்கிச் சென்றுவிடும். மிகப் பெரிய துகள் இடைவெளிக்குள் நுழையவே முடியாது. படலத்தின் தடிமனுக்குச் சற்றொப்ப உள்ள துகளே ஆபத்தானது. அது உள்ளே புகுந்து, இரு உலோகப் பரப்புகளையும் ஒருங்கே கீறுகிறது. கீறலில் பெயரும் உலோகத் தூள் எண்ணெயில் கலந்து, அடுத்த சுற்றில் தானும் கீறத் தொடங்குகிறது.

இத்துகள்களைப் பிடிப்பதற்காக எஞ்சினில் பொருத்தப்படுவதுதான் ஆயில் பில்டர் எனப்படும் எண்ணெய் வடிகட்டி. 1920-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் இதை உருவாக்கினார். 1924-ல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் அது இடம் பெற்றது. இன்றைய வடிகட்டி, ஒரு தகர டப்பாவிற்குள் விசிறிபோல் மடித்து வைத்த வடிதாள்தான். எஞ்சினின் ஆயுள் இத்தாளின் தரத்தைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆனால் டப்பாவை வாங்குபவருக்கு உள்ளே இருக்கும் தாள் கண்ணில் படுவதே இல்லை.

சல்லடை அன்று

மாவு சலிக்கும் சல்லடையில் துளைகள் யாவும் ஒரே அளவானவை. வடிதாள் அப்படிப்பட்டதன்று. மரக்கூழிலிருந்து பெற்ற இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து உண்டான பின்னல் அது. எண்ணெய் அதன் ஊடே வளைந்து நெளிந்து செல்லும்போது, துகள்கள் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே சில இடைவெளிகளைவிடச் சிறிய துகள்கள்கூடத் தாளில் சிக்கிக்கொள்வதுண்டு. அதேபோல, பெரிய துகள்கள் சில தப்பிச் செல்வதும் உண்டு. பாலியெஸ்டர், கண்ணாடி இழைகளைக் கலந்தும் இத்தாள்களைச் செய்கிறார்கள். இவ்விழைகளை மர இழைகளைவிட மெல்லியனவாகவும் சீராகவும் தயாரிக்கலாம்.

சீரான தன்மைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பாய்சொய் கண்ட விதி இதற்கு விடை தருகிறது. ஒரு நுண்குழாய் வழியே பாயும் திரவத்தின் அளவு, குழாயின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் இரு மடங்கானால் பாய்வு 16 மடங்கு. மூன்று மடங்கானால் 81 மடங்கு!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளின் துளைகளை நுண்குழாய்களாகக் கொள்க. 1000 துளைகளில் 990 துளைகள் 20 மைக்ரான் விட்டமும், 10 துளைகள் மட்டும் 60 மைக்ரான் விட்டமும் உள்ளவை. சராசரி விட்டம் 20.4 மைக்ரான். கேட்பவருக்கு இதில் குறையொன்றும் தோன்றாது. ஆனால் ஒரு சிறு துளை 1 பங்கு எண்ணெயை விட்டால், ஒரு பெரிய துளை 81 பங்கை விடுகிறது. மொத்தம் 990 + 810 = 1800 பங்கு. அதாவது நூற்றுக்கு ஒன்றாக உள்ள பெரிய துளைகளின் வழியே நூற்றுக்கு 45 பங்கு எண்ணெய் சென்றுவிடுகிறது! தாளின் தரத்தைக் கெடுப்பது அதன் சராசரித் துளை அன்று; அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள பெரிய துளைகளே.

மடிப்புகள் எதற்கு?

அப்படியானால் துளைகளை மிகச் சிறியனவாக அமைத்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஓர் இடர் உண்டு. துளைகள் சிறுத்தால் எண்ணெய்க்குத் தடை மிகும். 1856-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் வழியே நீர் செல்வதை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். பாயும் அளவு, அழுத்த வேறுபாட்டிற்கும் பரப்பிற்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அதன் சாரம். எனவே தாளின் பரப்பை இரு மடங்காக்கினால், பாதி அழுத்தத்திலேயே அதே அளவு எண்ணெய் செல்லும். தாளை மடித்து வைப்பது இதற்காகத்தான். செலவைக் குறைக்க மடிப்புகளைக் குறைத்தால் தடை கூடும். தாளும் விரைவில் அடைபடும்.

தாள் அடைபட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் நின்றுவிடக் கூடாது அல்லவா? அதற்காக பைபாஸ் வால்வு என்ற மாற்று வழியை வைத்திருக்கிறார்கள். தாளின் இரு புறமும் உள்ள அழுத்த வேறுபாடு குறித்த அளவைத் தாண்டினால் வால்வு திறக்கும். வடிகட்டாத எண்ணெய் நேரே பேரிங்குகளுக்குப் போகும். எஞ்சின் எப்போதும்போல ஓடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

தாளுக்கு வலுவூட்டப் பிசின் ஏற்றி, சூட்டில் இறுகச் செய்வார்கள். இப்பணி சரியாக நடைபெறாவிடில், 100 டிகிரி செல்சியஸ் சூடான எண்ணெயில் தாள் தளர்ந்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கிழியவும் கூடும். தாளின் விளிம்பை ஒட்டிய இடத்தில் இடுக்கு இருந்தாலும் எண்ணெய் அவ்வழியே நழுவிவிடும். ஓரிடத்துக் கிழிசல், நல்ல தாள் முழுவதையும் பயனற்றதாக்கிவிடும்.

தரத்தை அளப்பது எப்படி?

தாளின் மிகப் பெரிய துளையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. தாளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அடியிலிருந்து காற்றழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பரப்பு இழுவிசை திரவத்தைத் துளைகளில் பிடித்து நிறுத்துகிறது. துளை பெரிதானால் இப்பிடி தளரும். எனவே முதல் குமிழி மிகப் பெரிய துளையிலிருந்தே எழும். பரப்பு இழுவிசையின் நான்கு மடங்கைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வேண்டிய அழுத்தம் கிடைக்கும். 20 மைக்ரான் துளைக்கு இது ஏறத்தாழ 45 செ.மீ. உயர நீரின் அழுத்தம். 60 மைக்ரான் துளைக்கு 15 செ.மீ. போதும். மேலே கண்ட தாள் இச்சோதனையில் உடனே அகப்பட்டுவிடும்.

முழு வடிகட்டியையும் சோதிக்க, 1970-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை உருவாக்கப்பட்டது. எஞ்சினில் ஒரே எண்ணெய் திரும்பத் திரும்ப வடிகட்டி வழியே சுற்றுகிறது அல்லவா? அதுபோலவே சோதனையிலும் தூசி கலந்த எண்ணெயைச் சுற்றவிட்டு, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் துகள்களை அளவு வாரியாக எண்ணுகிறார்கள். இதற்குரிய தூசி அரிசோனா பாலைவன மணலிலிருந்து தயாராகிறது. இம்முறையைத் தழுவிய ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற உலகத் தரநிலை எஞ்சின் வடிகட்டிகளுக்கு உண்டு.

முன்னே உள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பின்னே உள்ளவற்றின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது பீட்டா விகிதம். பீட்டா 2 என்றால் பாதித் துகள்களே பிடிபட்டன. பீட்டா 10 என்றால் நூற்றுக்கு 90. பீட்டா 100 என்றால் நூற்றுக்கு 99. கடைசி இரண்டும் அருகருகே உள்ள எண்கள்போல் தோன்றும். ஆனால் தப்பிச் சென்றவற்றை எண்ணிப் பாருங்கள்: முன்னதில் 10, பின்னதில் 1.

இதனால் பயன் என்ன? 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியாயிற்று. 40 மைக்ரான் அளவில் வடிகட்டுவதோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் அளவில் எஞ்சின் தேய்மானம் நூற்றுக்கு 50-ம், 15 மைக்ரான் அளவில் நூற்றுக்கு 70-ம் குறைந்தது.

எண்ணெய் கறுத்துவிட்டால் வடிகட்டி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுவார்கள். கறுப்பு நிறத்தைத் தருவது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறிய கரித்துகள். அது நல்ல தாளின் வழியேயும் சென்றுவிடும். பேரிங்கைக் கீறும் துகளோ கண்ணுக்கே தெரியாது. ஆகவே கண்ணை நம்பித் தரத்தை முடிவு செய்ய இயலாது. எண்களையே நம்ப வேண்டும். அந்த எண்ணும் முழுமையாக இருக்க வேண்டும். “20 மைக்ரான் வடிகட்டி” என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது நூற்றுக்கு 50 துகளைப் பிடிப்பதாகவும் இருக்கலாம், 99 துகளைப் பிடிப்பதாகவும் இருக்கலாம். “20 மைக்ரான் துகள்களில் நூற்றுக்கு எத்தனை?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி.