ஒலி கெட்டால் பழி ஸ்பீக்கருக்கா?

ஆராதனை நடுவே கீபோர்டு கரகரக்கிறது. அல்லது பேஸ் கிட்டாரின் ஒலி திடீரென நின்றுபோகிறது. உடனே, "ஸ்பீக்கர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்கிறோம். மட்டாஞ்சேரியின் குறுகிய தெருவில் வாடகைக் கூடத்தில் கூடிவரும் ஒரு சிறு சபைக்கு அது எளிய செலவன்று. அவ்விதம் வாங்கிப் பொருத்தியதும் எரிந்துபோனால் நஷ்டம் இரட்டிப்பாகும். ஆகவே, வாங்குமுன் சோதித்தறிவது நல்ல உக்கிராணத்துவமாகும்.

இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பு, அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்ட முறையைத் தழுவியது. காந்தத்தின் இடுக்கில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று நிற்கிறது. அதுவே வாய்ஸ் காயில். மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டியுள்ள காகிதக் கூம்பை அசைக்கிறது. அந்த அசைவே ஒலியாகிறது. இதை மனதில் வைத்துப் பின்வரும் வரிசையில் சோதியுங்கள்.

1. முதலில் ஒயர்: வேறு ஒயரையும் வேறு இசைக்கருவியையும் இணைத்துப் பாருங்கள். ஜாக்கை அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால், கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ ஜாக்கிலோதான் உள்ளது.

2. கண்ணும் கையும்: மின்சாரத்தை நிறுத்தி, கூம்பில் கிழிசல் உண்டா, ஓரம் பிரிந்துள்ளதா என்று பாருங்கள். கிழிந்த கூம்பு கரகரவென்று ஒலிக்கும். 1964-இல் இங்கிலாந்தின் 'தி கிங்க்ஸ்' இசைக்குழுவின் டேவ் டேவிஸ், அவ்வொலியை விரும்பியே தம் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறினார். பின்பு இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மென்மையாக அழுத்துங்கள். உராயும் சத்தம் கேட்டால் காயில் நிலைபெயர்ந்தோ வெந்தோ இருக்கிறது.

3. மீட்டர்: ஸ்பீக்கரின் ஒயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரால் அளவிடுங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிடில் காயில் அறுந்திருக்கலாம். அல்லது கூம்புக்குச் செல்லும் பின்னல் கம்பி அறுந்திருக்கலாம். பின்னல் கம்பியானால் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம். மீட்டர் இல்லையேல் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். நல்ல ஸ்பீக்கர் 'டப்' என்று ஒலித்து அசையும்.

4. ஆம்ப்ளிஃபயர்: ஸ்பீக்கர் எரிந்திருந்தாலும் அது குற்றவாளி என்று முடிவு செய்துவிட வேண்டாம், பலியானதாகவும் இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் பழுதானால் நேர்மின்னோட்டம் நேராகக் காயிலில் பாய்ந்து அதை எரித்துவிடும். சுவிட்சைப் போட்டவுடன் கூம்பு ஒருபுறமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்பது இதற்கு அடையாளம். டிரான்சிஸ்டர் வகையில், ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமைக் குறைத்து, அதன் ஒயர்முனைகளில் டி.சி. வோல்ட்டை அளவிடுங்கள். அது பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினால் நல்ல ஸ்பீக்கரை அதில் இணைக்கவே கூடாது. முதலில் ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபாருங்கள். வால்வு வகையையோ ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கலாகாது. அணைத்த பின்னும் அதன் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதைத் தொழில் அறிந்தவரிடமே ஒப்படையுங்கள்.

இவை யாவும் சரியாயிருந்தால், அதே ஓம்ஸ் அளவுள்ள நல்ல ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி இணைத்துப் பாருங்கள். ஒலி தெளிந்தால் பழுது ஸ்பீக்கரில், தெளியாவிடில் ஆம்ப்ளிஃபயரில். ஸ்பீக்கரே பழுதானாலும், கூம்பும் காயிலும் மாற்றித் தரும் கைவினைஞர்கள் உண்டு. புதிதே வாங்க நேர்ந்தால் ஓம்ஸ் அளவு மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த ஓம்ஸ் ஆம்ப்ளிஃபயரையே எரிக்கக்கூடும்.

காப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பேஸ் கிட்டாரை இணைத்து உரக்க வாசிக்காதீர்கள். தாழ்ந்த சுரங்கள் கூம்பை எல்லை மீறி அசைக்கும். மட்டாஞ்சேரி பஜார் சாலை வியாபாரிகள் மிளகையும் சுக்கையும் மழைக்காலத்தில் ஈரம் தட்டாமல் காக்கிறார்கள். கூம்பும் காகிதமே, ஈரத்தில் ஊறினால் தளரும், உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும். ஆகவே ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல் ஏற்றி, உறையிட்டு வையுங்கள்.

அன்பான வாசகர்களே, சபையின் வாலிபரில் ஒருவர் இந்தச் சோதனைகளைப் பழகிக்கொள்ளட்டும். ஒரு மல்டிமீட்டரும் சற்றுப் பொறுமையும் இருந்தால், வீண்செலவாகும் காணிக்கை வேறு தேவைக்குப் பயன்படும்.