வலைச் சேவையகமும் பிறிதொரு கணினியிலுள்ள கோப்புகளும்

கல்லூரி நூலகமொன்று தன் பழைய ஆண்டு மலர்களை ஒளிவருடிக் கோப்புகளாக்கி, ஒரு சேமிப்புக் கணினியிலே வைத்திருக்கின்றதெனக் கொள்வோம். அவற்றை மற்றொரு கணினியிலுள்ள வலைச் சேவையகத்தின் வாயிலாக வாசகர்க்கு வழங்கல் வேண்டும். இஃது எளிதெனவே தோன்றும்.

விண்டோஸ் கணினியிலே தொலைவிலுள்ள கோப்புறைக்கு 'இசட்' என்னும் வட்டெழுத்தைச் சூட்டுகின்றோம். (ஈண்டுக் குறித்தது சாசனங்களிற் காணும் வட்டெழுத்தன்று.) திறந்தால் மலர்கள் யாவும் கண்முன் நிற்கின்றன. ஆயின், அவ்வெழுத்தையே அப்பாச்சிச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் எழுதினால், அத்தகைய கோப்புறை இல்லையென்று அது தொடங்கவே மறுக்கின்றது.

காரணம் யாது? அவ்வெழுத்து கணினிக்கு உரியதன்று. உள்நுழைந்த பயனரின் அமர்வுக்கே உரியது. சேவையகமோ எவரும் உள்நுழையுமுன்னரே தனக்கெனவுள்ள கணக்கில் இயங்கத் தொடங்குகின்றது. அப்பாச்சி சேவையாக நிறுவப்படும்போது வழக்கமாகப் பெறுவது 'லோக்கல் சிஸ்டம்' என்னும் கணக்கு. தன் கணினிக்குள் அதற்குப் பேரதிகாரம் உண்டு. அயற் கணினியிலோ அது பெரும்பாலும் முன்பின் அறியாத விருந்தாளியே.

ஆதலின், வட்டெழுத்தை விடுத்து, சேமிப்புக் கணினியின் பெயரையும் பகிர்வின் பெயரையும் கொண்ட முழுப் பாதையை எழுதுதல் வேண்டும். அப்பாச்சியில் இடப்பக்கம் சாய்ந்த கோட்டிற்குப் பதிலாக வலப்பக்கம் சாய்ந்த கோட்டை இடுதல் நன்று. பின்னர், சேவையகத்துக்கெனத் தனிக் கணக்கொன்றை அமைத்து, அதன் பெயரிலேயே சேவையை இயக்குக. இரு கணினிகளும் ஒரே மைய நிருவாகத்தின் கீழ் இல்லையாயின், அதே பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் இருத்தல் வேண்டும். பகிர்வுக்கு ஓர் அனுமதியும் கோப்புறைக்கு வேறோர் அனுமதியும் உள. இரண்டுள் இறுக்கமானதே செல்லும். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறப்போர் பலர்.

பொறுமையிழந்தோர் இவ்விடத்திலே குறுக்குவழி தேடுவர்: நிருவாகியின் கணக்கிலேயே சேவையகத்தை இயக்குவர், அன்றேல் பகிர்வை எல்லார்க்கும் முழுவுரிமையுடன் திறந்துவிடுவர். மலர்கள் உடனே தோன்றும், உண்மைதான். ஆனால், சேவையகத்தில் ஒரு சிறு ஓட்டை ஏற்படின், அதனூடே புகுபவன் நிருவாகியின் அதிகாரத்தையே பெறுவான். மாணவர் புள்ளிப் பதிவேடுகளும் அதே சேமிப்புக் கணினியில் இருப்பின், அவற்றைப் படிக்கவும் அழிக்கவும் அவனால் இயலும். தனிக் கணக்குக்கு மலர்க் கோப்புறையை வாசிக்கும் உரிமை மட்டுமே அளித்திருப்பின், அவன் கை அவ்வளவு தூரம் நீளாது.

அமைத்து முடிந்ததும் சேவையகக் கணினியை மீள இயக்கி, அதில் எவரும் உள்நுழையுமுன், வேறொரு கணினியிலிருந்து ஒரு மலரைத் திறந்து பார்த்தல் வேண்டும். நம் மேசையிலிருந்தே சோதித்தால், பழைய 'இசட்' நம்மை மீண்டும் ஏமாற்றிவிடும்.